இஞ்சினுக்குக் கொடுத்த தூளித் துணி

டீசல் வாசம் அடித்தால் எனக்குத் தூக்கம் வரும். சிரிக்காதீர்கள். லாபிஸ் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். பஸ் வந்து போனதுகூடத் தெரியாது. மருமகள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், சர்க்கரையாக இருக்கும் என்று. சர்க்கரை இல்லை. அது வேறு சங்கதி. டாக்டர் சின்னப் பையன், அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. உங்களிடம் சொல்லலாம். நம் வயசுக்காரர்களுக்குத் தோட்டத்து லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ரப்பர் பால் விலை விழுந்துபோன காலம் அது. தோட்டத்தில் பாதி மரத்தில் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிடும்போது பெயர் வராதவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த ஊருக்கே கப்பல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தோட்டத்துக்கு ஒரு டீசல் இஞ்சின் வந்து சேர்ந்தது. விலை நன்றாக இருந்தபோது கேட்டிருந்தார்களாம். சாமான் வந்த நேரம் ஆள் போகிற நேரமாகிவிட்டது.

எனக்கு அப்போது முன்பல் விழுந்து முளைக்கிற வயசு. இஞ்சின் ரயிலில் பெரிய பெரிய மரப்பெட்டிகளாக வந்தது. ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். வழியில் ஓடைக்கு மேலே இருந்த பலகைப் பாலம் தாங்காது என்று, மரத்தை வெட்டிப் போட்டு, கயிறு கட்டி, ஆளும் மாடும் சேர்ந்து இழுத்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய பெட்டியின் மேல் மாமா ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டார். கீழே இழுத்த ஆட்கள் திட்டினார்கள்.

"எறங்குடா டேய், நீ ஒரு ஆள் கனம்!"

"நான் எறங்குனா மிசினு கோவிச்சிக்கும் லா! என்னையத் தேடித்தான் சீமையிலேருந்து வந்திருக்கு!"

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு பாய்லரில் வேலை செய்தவர். ஒரே கப்பலில் வந்தவர்கள். அம்மாவைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கு மாமா. கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு நாளில் தலைக்கு எண்ணெய் வைத்து, பன்னீர் தெளித்து, பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். அங்கே சேவல் சண்டை இருக்கிறது என்பார். திரும்பி வரும்போது சேவல் எதுவும் ஜெயித்ததாகச் சொல்ல மாட்டார்.

ரப்பர் உருட்டும் ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே உருளைகளைச் சுற்றியது பழைய நீராவி இஞ்சின். அதற்கு விறகு போட்டது அப்பாவும் மாமாவும். அப்பாவுக்குப் புருவம் இருந்து நான் பார்த்ததே இல்லை. பாய்லர் கதவைத் திறக்கத் திறக்க, முளைத்ததெல்லாம் கருகிப் போய்விடும். அதனால் அவர் முகத்தில் கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பேச்சும் கம்மி. அம்மா மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள் என்றும் சொல்லலாம்.

புது இஞ்சினைப் பூட்ட வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இஞ்சின் ஐயா என்போம். வெள்ளைக் காற்சட்டை, அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்காது. வந்த முதல் நாளே அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னது லயம் முழுக்கப் பரவிவிட்டது. இந்த இஞ்சினுக்கு விறகு இல்லை, சாம்பல் இல்லை, தண்ணீர் கொதிக்க வைக்கிற வேலை இல்லை. தனக்குக் கையாளாக ஓர் ஆள் இருந்தால் போதும்.

ஓர் ஆள் என்றால் அப்பா, இல்லாவிட்டால் மாமா. மற்றவருக்குக் கப்பல். முதல் ஓட்டம் முடியட்டும், யார் என்று பிறகு சொல்கிறேன் என்று துரை சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒன்றாகத்தான் போனார்கள், ஒன்றாகத்தான் வந்தார்கள். தங்களில் ஒருவரை வெளியே அனுப்பப் போகிற இஞ்சினை இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பாட்டித் தயார் செய்தார்கள்.

குளிப்பாட்டினார்கள் என்று சும்மா சொல்லவில்லை. முதலில் சிமெண்டு மேடை. அது இறுகும்வரை அப்பா ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகத் தெளிப்பார். பிறகு பெட்டிகளைப் பிரித்தார்கள். உள்ளே ஒவ்வொரு சாமானும் மஞ்சள் கொழுப்புப் பூசி, மெழுகுத் தாளில் சுற்றியிருந்தது. கடல் காற்றில் துரு பிடிக்காமல் இருக்கவாம். மாமா மோந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது என்னா கொழுப்புங்கய்யா? மாடா, பன்னியா?"

"ஒண்டுமில்லைக் காணும். நிலத்துக்கு அடியில எடுக்கிற எண்ணெயில செய்தது."

"சத்தியமா?"

"நானே சைவம். நான் தொடுறன் தானே, நீரும் தொடும்."

அதற்குப் பிறகுதான் தொட்டார். அந்தக் கொழுப்பை மண்ணெண்ணெயில் கரைத்துத் துடைக்க வேண்டும். அந்த வாசம் அப்பா மேலே ஏறி, வீட்டுக்கு வந்து, சோற்றில்கூட இருந்தது. துடைப்பதற்கு மாமா ஒரு கூடை பஞ்சுக் கழிவு கொண்டுவந்தார், பழைய இஞ்சினுக்குத் துடைக்கிற மாதிரி. ஐயா அதைத் தூக்கி வெளியே எறிந்தார்.

"வெளியில எதாலயும் துடையும். உள்ளுக்குப் பஞ்சு கூடாது. ஒரு நூல் பிரிஞ்சு எண்ணெய்க் குழாயில போய் அடைச்சால், பேந்து மெசின் முழுக்கப் பழுது. தோய்ச்சுத் தோய்ச்சு மெலிஞ்ச பழஞ்சீலை வேணும். பிள்ளைக்குப் போர்த்துற மாதிரி மெதுவான சீலை. ஆரிட்டயாவது வாங்கிக்கொண்டு வாங்கோ."

இதைக் கேட்க எளிதாக இருக்கிறது. அந்த வருஷம் லயத்தில் யாரிடம் சும்மா கிடக்கிற துணி இருந்தது? கட்டியிருப்பதுதான் துணி. கிழிந்தால் ஒட்டுப்போட்டு, அதுவும் கிழிந்தால் திரி, கரித்துணி. அப்பா அன்றைக்குச் சோறு தின்னும்போது இதைச் சொன்னார். கேட்பதாகச் சொல்லவில்லை. ஐயா இப்படியெல்லாம் சொல்கிறார் என்று ஒரு வேடிக்கையாகச் சொன்னார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பிறகு ஒரு தங்கை பிறந்திருந்தாள். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். மேட்டுக்காட்டு ஓரத்தில் ஒரு ஜம்பு மரம், அதன் அடியில் வைத்தார்கள். அவள் படுத்திருந்த தூளித் துணியை அம்மா அவிழ்த்துத் துவைத்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். அது அம்மா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சேலை. அம்மா கட்டி, நிறம் போய், பிறகு எனக்குத் தூளியாகி, பிறகு தங்கைக்குத் தூளியானது. கையில் எடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

மறுநாள் மத்தியானம் அம்மா அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, தூக்குவாளிக்கு மேலே மடித்து அதை வைத்திருந்தாள். நான் கூடவே போனேன். ஸ்டோர் வாசலில் வைத்து நீட்டினாள்.

"இதுவா?" என்றார் அப்பா.

"ம். மெத்துனு இருக்கும். நல்லாத் தொடைக்கும்."

அவ்வளவுதான் பேசினார்கள். அப்பா கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினார்.

இங்கேதான் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கப்பல் ஏறப் போகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிழைக்க வந்து பிழைக்காமல் போகிறோமே என்று ஒரு வெட்கம். ஆனால் சாமான் சொல்லிவிடும். ஒருநாள் அவர்கள் வீட்டு அம்மி அடுத்த வீட்டுக்கு உருளும். பிறகு பழந்துணி போகும். ஊரில் போய் இறங்கும்போது கந்தலோடு இறங்கக்கூடாது என்று, கந்தலையெல்லாம் இங்கேயே கொடுத்துவிட்டு, இருக்கிற ஒரு நல்லதைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வீட்டிலிருந்து பழந்துணி வெளியே போனால் அந்த வீடு காலி என்று அர்த்தம்.

அம்மா கொடுத்ததை அடுத்த வீட்டு அத்தை பார்த்துவிட்டாள். சாயங்காலம் குழாயடியில் அப்பா கால் கழுவும்போது கேட்டாள்.

"என்னா தம்பி, துணியே வெளிய போயிருச்சு? எப்பக் கப்பலு?"

அப்பா அடுத்த காலைக் குழாயடியில் நீட்டினார்.

"போறதுன்னா அம்மிய எனக்குக் குடுத்துட்டுப் போவச் சொல்லு. வேற யாருக்கும் குடுத்திராதீங்க, ஆமா!"

அப்பா காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். சேறு போய் வெகு நேரம் ஆகியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பம் கிளம்பும்போதும் அம்மா லயத்துக் கோடியில் நின்று அழுவாள். வண்டி மறையும்வரை அழுவாள். இவளுக்கும் ஊர் ஞாபகம், தாய் தகப்பன் ஞாபகம், என்னால்தான் இங்கே கிடக்கிறாள் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தன் முகத்துக்காக "இல்லை" என்றுதான் சொல்வாள் என்று நினைத்திருப்பார். இப்போது பிள்ளையின் துணியையே கொடுத்துவிட்டாள். இனி இந்த மண்ணில் அவளுக்கு என்ன இருக்கிறது.

அடுத்த நாள் ஐயாவிடம் போய், "எங்கூட்டாளியவே வச்சிக்குங்கய்யா. நாங்க கப்பலுக்குப் போறோம். தொரைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். இது எனக்குப் பிற்பாடு ஐயா வாயிலிருந்து தெரிந்தது. அம்மாவுக்கு அப்பா சொல்லவில்லை. முதல் ஓட்டம் முடிந்து, டிக்கெட் கைக்கு வந்த பிறகு சொல்லி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தாராம்.

மாமாவிடம் மட்டும் சொன்னார். மாமா அன்று மாலை லயத்து வாசலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார். அந்த வார ஓய்வு நாளில் தோட்டத்து லாரி தங்காக் பட்டணம் பக்கம் போனது. அதில் தொற்றிக்கொண்டு போய், திரும்பி வரும்போது தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நான் விரலால் தாளைக் கிழித்துப் பார்த்தேன். மாம்பழ நிறத்தில் சேலை, பச்சைக் கரை.

"யாருக்கு மாமா?"

"கைய எடுறா மருமவனே, அழுக்காக்கிருவ! யாருக்குன்னு நேரம் வரும்போது சொல்றேன்."

அப்பா அந்தத் தூளித் துணியால்தான் இஞ்சினின் உள்ளையெல்லாம் துடைத்தார். கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவித் துடைப்பார். துணியை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உதறி, மறுபடியும் துடைப்பார். மாமா வேறு துணி கேட்டு வாங்கி வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் டாங்கியில் எண்ணெய் ஊற்றும்போதும் அதையே வாயில் கட்டி வடிகட்டினார்கள். ஐயா விரலை உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

முதல் ஓட்டத்து நாள். ராத்திரி முழுக்க மழை பெய்து, காலையிலும் விடவில்லை. ஸ்டோருக்குள் மூச்சு விட்டால் புகை வருகிற மாதிரி ஒரு குளிர். பெண்கள் தாம்பாளத்தில் பூ, பழம், தேங்காயோடு வந்து வாசலில் கூரைக்கு அடியில் நின்றார்கள். எண்ணெய் இருக்கிற இடம், சூடம் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவரே சக்கரத்தில் மூன்று கோடு திருநீறு போட்டார். மாமா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். துரை தன் நாயோடு வந்து நின்று, பழத்தைத் தடியால் காட்டி, "இது என்னா?" என்றார்.

"மிசினுக்குச் சாயா, தொரை!" என்றார் மாமா. துரை தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐயா கடைசியாக எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணங்களில் எண்ணெய் சொட்டுகிறதா, தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். எண்ணெய் வரும் குழாயின் மூட்டைத் தளர்த்தி, காற்றுக் குமிழியெல்லாம் வந்து தீர்ந்து வெறும் எண்ணெய் வரும்வரை நின்றார். பிறகு மூட்டை முடுக்கினார். இஞ்சினை உருளைகளோடு இணைக்கிற பட்டையைக் கழற்றி ஓரம் வைக்கச் சொன்னார். முதல் தடவை சுமை இல்லாமல் ஓட வேண்டுமாம். ஆள் உயரச் சக்கரத்தை அப்பாவும் மாமாவும் கையால் சுற்றி, வெள்ளைக் கோடு மேலே வரும் இடத்தில் நிறுத்தினார்கள். சுவரோரத்தில் ஓர் இரும்பு பாட்டில் நின்றது, அமுக்கி அடைத்த காற்றோடு. அந்தக் காற்றுதான் சக்கரத்தை முதலில் தள்ளும்.

ஐயா பிடியைத் திறந்தார். பெரிய பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். சக்கரம் சுற்றியது. ஒரு தும்மல், இன்னொரு தும்மல். வெளியே புகைக்குழாயில் வெள்ளையாக ஏதோ வந்தது. பிறகு சக்கரம் மெதுவாகி, யோசித்து, நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஐயா பாட்டிலின் முள்ளைப் பார்த்தார்.

"உள்ளுக்கு இருக்கிற காத்து இன்னும் ஒருக்காத்தான் காணும். அதுக்கும் பிடிக்காட்டில் பாட்டில் சிங்கப்பூர் போய்க் காத்து அடைச்சு வரவேணும்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. ஐயா பதறவில்லை.

"சரக்கு நல்லது. குளிர்ந்து போய்க் கிடக்கு, அவ்வளவுதான். பழைய பாய்லரில சுடுதண்ணி இருக்கே?"

அப்பா எந்த யோசனையில் அன்றைக்கும் விறகு போட்டு வைத்திருந்தாரோ தெரியவில்லை. பழக்கமாக இருக்கும். பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவரும் மாமாவும் வாளி வாளியாகக் கொண்டுவந்து இஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர்க் கூட்டில் ஊற்றினார்கள். பழைய இஞ்சினின் சூடு புது இஞ்சினுக்குப் போனது. ஐயா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிக் காத்தும் சூடாப் போகவேணும்" என்று சொல்லி, ஒரு கம்பியை எடுத்தார். அதன் நுனியில் சுற்றி, எண்ணெயில் நனைத்து, கொளுத்தி, இஞ்சின் மூச்சிழுக்கிற வாயருகே பிடிக்கத் துணி வேண்டும். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஐயா!"

வாசலிலிருந்து அம்மா. பெண்கள் தாண்டாத இடத்தைத் தாண்டி, ஈரக் காலோடு உள்ளே வந்துவிட்டாள். என் கையை விடவில்லை, அதனால் நானும் இழுபட்டு உள்ளே வந்தேன்.

"அதக் கொளுத்தாதீங்கய்யா. அது எம்புள்ள தூளி."

ஐயா கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"நான் தொடைக்கத்தான் குடுத்தேன். எரிக்க இல்ல."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "நீதானே புள்ள குடுத்த? கப்பலுக்குப் போறதுன்னுதானே..."

"யாரு கப்பலுக்குப் போறா?"

"நீ... அழுவியே. ஆளுங்க போறப்பெல்லாம்."

"நம்மளையும் அனுப்பிருவாங்களேன்னு அழுவேன்! எம்புள்ளய அந்த மரத்தடியில தனியாப் போட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கு எந்த ஊரு?" அம்மாவின் குரல் தகரக் கூரை வரை போனது. பிறகு தணிந்துவிட்டது. "உங்க கையால தொடைக்கிற மிசினு, புள்ள துணியால தொடைச்சா உங்கள விட்டுப் போவாதுன்னு குடுத்தேன்."

துரை, "என்னா இது?" என்றார். ஐயா இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். ஐயா துணியைக் கம்பியிலிருந்து பிரித்து, நாலாக மடித்து, அம்மாவிடம் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை. எனக்குத் தெரியாது."

அப்பா தன் தலைத்துண்டை அவிழ்த்தார். கம்பியில் சுற்றினார், எண்ணெயில் முக்கினார், கொளுத்தினார். நெருப்புப் பிடிப்பது அவருக்குப் புதிதா? இஞ்சின் வாயருகே போய், முகத்தைத் திருப்பாமல் நின்றுகொண்டார். ஐயா பிடியைத் திறந்தார்.

அதே சீறல். சக்கரம் சுற்றியது. கம்பியிலிருந்த நெருப்பு வளைந்து இஞ்சினுக்குள் போவதை நான் பார்த்தேன். பால் குடிக்கிற மாதிரி உறிஞ்சியது. ஒரு தும்மல். பிறகு, டுப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டுப். டுப். டுப். தகரக் கூரை அதிர்ந்து மழைத்தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எலுமிச்சம்பழம் எங்கேயோ தெறித்தது. துரையின் நாய் ஓடியே போய்விட்டது. வெளியே புகைக்குழாயிலிருந்து கரும்புகை வளையம் வளையமாக வந்து, பிறகு நிறமே இல்லாமல் போனது. வாசலில் தேங்காய் உடைத்தார்கள். அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏதோ கத்தினார். அதுவும் கேட்கவில்லை.

இஞ்சினை நிறுத்திய பிறகு அப்பாவும் மாமாவும் வெளியே மழைத்தண்ணீரில், மணலும் சவுக்காரமும் போட்டுக் கை கழுவினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மாமாதான் முதலில் பேசினார்.

"அலமாக், மச்சான், என்னா சத்தம்டா சாமி! என் காது போச்சு. இந்தப் பேயோட என்னால குடித்தனம் பண்ண முடியாது லா."

"டேய், வெளையாடாத."

"வெளையாடல. நீயே கட்டிக்கிட்டு அழு. நான் கப்பலுக்குப் போறேன். ஊர்ல எங்காத்தா வருஷமாச் சொல்லிவிட்டுக்கிட்டு இருக்கு, பொண்ணு பாத்திருக்கேன் வா வான்னு."

"நீ இதுவரைக்கும் சொன்னதில்லியே."

"உங்கிட்ட எல்லாம் சொல்லிருவனா? போடா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். துரையிடம் போய்ச் சொல்லி மாற்றிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தத் தாள் பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தார்.

"பழசக் குடுத்த இல்ல தங்கச்சி, இந்தா புதுசு. ஊருக்குக் கொண்டுபோயி என்னா பண்ண? அங்கல்லாம் இந்த நெறத்த யாரு கட்டுவா?"

"எதுக்குண்ணே இவ்வளவு?" என்று அம்மா வாங்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கிளம்பிய அன்று ஸ்டேஷன் வரை போனோம். ரயில் வரும்வரை அவர் சொன்ன வேடிக்கைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காது வலி பொறுக்காமல், ஊர் ஆசையில் போனவர் என்றுதான் அப்பா சாகும்வரை நம்பினார். நானும் நம்பினேன். ஆனால் பாய்லர் விசில் தலைமாட்டில் ஊதினாலும் குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதர் அவர். ஊருக்குப் போகத் துடித்தவர் எதற்காகத் தங்காக் போய் மாம்பழ நிறச் சேலை வாங்கினார்? ஒவ்வொரு ஓய்வு நாளும் எந்தச் சேவலைப் பார்க்கத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனார்? பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ஒரு பெண் எத்தனை வாரம் வழி பார்த்திருப்பாளோ. இதெல்லாம் எனக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் உறைக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கலாம். அந்தச் சேலையை அவள் ஒருநாளும் கட்டவில்லை. தகரப்பெட்டியில், தூளித் துணி இருந்த இடத்தில் வைத்திருந்தாள். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் பெட்டியோடு போனது.

அந்த வருஷம் அப்பாவுக்குப் புருவம் முளைத்தது. அம்மா தினமும் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். யாரோ மாதிரி இருக்கிறீர்கள் என்பாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு எனக்கு இன்னொரு தங்கை பிறந்தாள். தூளி கட்டத் துணி வேண்டுமே. அம்மா, ஐயா திருப்பிக் கொடுத்த அதே தூளித் துணியை எடுத்தாள். சவுக்காரம் போட்டாள், சாம்பல் போட்டாள், வெந்நீரில் ஊற வைத்தாள், கல்லில் அடித்தாள். நிறம் வெளுத்தது. வாசம் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று கட்டிவிட்டாள். பிள்ளை அந்த எண்ணெய் வாசத்தில்தான் தூங்கினாள். ஸ்டோரில் இஞ்சின் ஓடுகிற சத்தம் லயம்வரை கேட்கும். அதுதான் தாலாட்டு. தூளியை ஆட்டுவது என் வேலை.

ஓய்வு நாளில்தான் வம்பு. இஞ்சின் நிற்கும். நின்ற உடனே அவள் கண்ணைத் திறந்துகொண்டு வீல் என்று கத்துவாள். அம்மா பாடிப் பார்ப்பாள், நான் ஆட்டிப் பார்ப்பேன், அடங்க மாட்டாள். அப்போது அப்பா, நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத மனிதர், தூளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ஆரம்பிப்பார். முதலில் ஒரு தும்மல். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டுப். டுப். டுப்.

நிறுத்தினால் அவள் முழித்துக்கொள்வாள் என்று அவர் வெகுநேரம் நிறுத்த மாட்டார். பிள்ளை தூங்கியதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு முன்னாலேயே, தூளிக்கு அடியில், அந்த வாசத்தில் நான் தூங்கிப் போயிருப்பேன்.